ஆற்றில் மணல் எதற்கு?

கொள்ளிடக் கரையில் ஒரு டீக்கடை. சித்திரை மாதம். உச்சி வெயில். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான்.

லாரி ஓட்டும் இளைஞர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு இருந்தார். மணல் அள்ளுவது பற்றிப் பேச்சு வந்தது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் சார், தண்ணியே இல்லாத ஆத்துல மணல் எதுக்கு? சும்மாதானே கெடக்கு? நாலு பேரு வீடு கட்டிக்கிட்டுப் போகட்டுமே!"

நான் வாயைத் திறப்பதற்குள், பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பதில் சொல்லிவிட்டார். தலையில் துண்டு. காலில் சேறு. விவசாயி என்பது பார்த்த உடனே தெரிந்தது.

"தண்ணி இல்லேன்னு யாரு தம்பி சொன்னா? அது கீழே படுத்துக் கெடக்கு."

இளைஞர் சிரித்தார். ஆனால் பெரியவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை. நாம் பார்க்கும் ஆற்றுக்கு அடியில், மணலுக்குள்ளே, இன்னொரு ஆறு மெல்ல ஓடிக்கொண்டு இருக்கிறது. மேலே ஓடும் ஆறு ஆண்டில் சில மாதங்கள்தான். கீழே ஓடும் ஆறு ஆண்டு முழுவதும். மணலை அளவு இல்லாமல் அள்ளினால் இந்த இரண்டு ஆறுகளுமே கெடும். ஆற்றோடு ஊரும் கெடும். இதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

மணல் எங்கிருந்து வந்தது?

காவிரி குடகு மலையில், தலைக்காவிரியில் பிறக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,400 அடி உயரம். அங்கிருந்து சுமார் 800 கிலோ மீட்டர் நடந்து வங்காள விரிகுடாவை அடைகிறது.

வழி எல்லாம் பாறை. மழையும் வெயிலும் பாறையை மெல்ல மெல்ல இற்றுப்போகச் செய்கின்றன. இற்ற பாறையில் ஒரு பகுதி குழைந்து களிமண் ஆகிறது. குழையாத பகுதி ஒன்று உண்டு. வெள்ளையாகப் பளபளக்கும் சிறு கற்கள். அவைதான் மணல். தஞ்சாவூர் வயலின் வண்டலும், கொள்ளிடத்து மணலும் ஒரே பாறைக்குப் பிறந்த பிள்ளைகள் என்று சொல்லலாம்.

ஓடும் தண்ணீருக்கு மூன்று வேலை. அரிப்பது ஒன்று. சுமப்பது ஒன்று. இறக்கி வைப்பது ஒன்று. வேகமாக ஓடும்போது அரிக்கும், சுமக்கும். வேகம் குறைந்தால் சுமையை இறக்கும். எதை முதலில் இறக்கும்? கனமானதை! மலை அடிவாரத்திலேயே பெருங்கல்லை விட்டுவிடும். பிறகு கூழாங்கல். பிறகு பெருமணல். பிறகு குறுமணல். கடைசியில், தரை தட்டையாகிக் கால் ஓயும் இடத்தில் வண்டலைப் பரப்பும். அப்படிப் பரப்பிய நிலம்தான் இன்றைய காவிரி டெல்டா. கடலை ஒதுக்கிவிட்டு ஆறு கட்டிய பூமி அது. நம் பாட்டனார் உழுததும் அந்த மண்தான். நம் சோற்றுப் பானைக்கு நெல் தந்ததும் அந்த மண்தான்.

தரைக்கு மேலே மட்டும்தான் தண்ணீர் இந்த வேலையைச் செய்கிறது என்று நினைக்க வேண்டாம். தரைக்குள் இறங்கிய தண்ணீரும் சும்மா இருப்பது இல்லை. ஆந்திராவில், நந்தியால் மாவட்டத்தில் பேலும் என்ற இடத்தில் ஒரு குகை இருக்கிறது. நீளம் 3 கிலோ மீட்டருக்கும் அதிகம். உள்ளே மண்டபம் மாதிரி இடங்கள் உண்டு. அதை வெட்டியவர் யார்? எந்த ராஜாவும் இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்த தண்ணீர், பாறையைக் கரைத்துக் கரைத்துக் குடைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் தண்ணீருக்கு அவ்வளவு வலிமை. நம் கொள்ளிடத்தில் சுண்ணாம்புப் பாறை இல்லை, மணல்தான். ஆகவே இங்கே அது குகை குடையவில்லை. மணலுக்குள் தங்கி, நகர்ந்து, கரையில் உள்ள கிணறுகளை நிரப்புகிறது.

ஆறு போட்ட கணக்கு

ஆறு தன் படுக்கையைத் தானே போட்டுக்கொள்ளும். ஓர் இடத்தில் கை வைத்தால் இன்னோர் இடத்தில் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்பக்கம் காவிரி. வடபக்கம் கொள்ளிடம். நடுவில் இருக்கும் தீவில்தான் ஸ்ரீரங்கம் இருக்கிறது. இரண்டில் கொள்ளிடம் தாழ்வான ஆறு. சரிவும் அதற்கு அதிகம்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கடம் வந்தது. முக்கொம்பில் காவிரித் தலைப்பு மணல் அடித்து மேடாகிக்கொண்டே போயிற்று. தண்ணீர் பள்ளம் பார்த்துக் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்கு ஓடியது. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. அப்போது ஆர்தர் காட்டன் என்ற என்ஜினீயர் வந்து, கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ம் ஆண்டு மேலணையைக் கட்டினார்.

காட்டனுக்கு வழி காட்டியது யார் தெரியுமா? ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் கரிகாலன் காலத்தில் எழுந்த கல்லணை! ஆழம் காண முடியாத இளமணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாகக் காட்டனே எழுதிவைத்திருக்கிறார். வெள்ளைக்கார என்ஜினீயர் நம் பழைய கொத்தனாருக்குச் சீடரான கதை இது. பள்ளிக்கூடப் பாடத்தில் இதை இன்னும் பெரிய எழுத்தில் போடலாம்.

மேலணை வந்ததும் காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது. தஞ்சாவூர் பிழைத்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. இப்போது காவிரிக்கு வேகம் கூடிவிட்டது. அது தன் தரையை அரிக்க ஆரம்பித்தது. கொள்ளிடத்தில் மணல் மேடிட்டது. சில ஆண்டுகளிலேயே மேலணையைத் திருத்தவும், காவிரித் தலைப்பில் தரை அரிக்காதபடி குறுக்குச் சுவர் போடவும் வேண்டி வந்தது.

கெட்டிக்கார என்ஜினீயர். நல்ல எண்ணத்தோடு செய்த வேலை. அதற்கே ஆறு இப்படிப் பதில் சொன்னது. கணக்குப் பார்க்காமல் பொக்லைனை இறக்குகிறவர்களுக்கு என்ன பதில் சொல்லும்?

வீட்டிலேயே பாருங்கள்

மணலுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். குழந்தைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பாத்திரம் நிறைய உலர்ந்த பெருமணலைப் போடுங்கள். தலை தட்டி நிரப்புங்கள். இனி இதில் இடமே இல்லை என்று தோன்றும். இப்போது ஒரு டம்ளரால் தண்ணீரை அளந்து மெல்ல ஊற்றுங்கள். பாத்திரம் கொள்ளும் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் உள்ளே போய்விடும்! மணலுக்கும் மணலுக்கும் நடுவில் அவ்வளவு சந்து இருக்கிறது.

அந்தத் தண்ணீர் முழுவதையும் திரும்ப எடுக்க முடியாது. கொஞ்சம் மணலோடு ஒட்டிக்கொள்ளும். நூற்றுக்கு இருபது பங்கு கைக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு 500 மீட்டர் அகலம். மணல் 3 மீட்டர் ஆழம். நீளம் ஒரே ஒரு கிலோ மீட்டர். இதில் எடுக்கக்கூடிய தண்ணீர் 30 கோடி லிட்டர்! ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்குப் போட்டால், 10,000 பேர் உள்ள ஊருக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் போதும். இதற்குத் தொட்டி கட்ட வேண்டாம். மூடி போட வேண்டாம். ஆறே கட்டி, ஆறே நிரப்பி வைத்திருக்கிறது.

இங்கே புத்திசாலி வாசகர் ஒருவர் குறுக்கே கேட்கலாம்: "மணலை எடுத்துவிட்டால் பள்ளம் முழுவதும் தண்ணீர்தானே நிற்கும்? மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் முழுப் பங்கும் கிடைக்குமே!"

நல்ல கேள்வி. ஆனால் திறந்த பள்ளத்தில் நிற்கும் தண்ணீரை வெயில் விடாது. நம் ஊர் வெயில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஆறடித் தண்ணீரைக் குடித்துவிடும். மணலுக்குள் இரண்டு மூன்று அடிக்குக் கீழே போன தண்ணீரை வெயில் அவ்வளவாகத் தொட முடியாது. பள்ளத்தின் அடியில் சேறு படியும். பாசி பிடிக்கும். அதற்குப் பிறகு தண்ணீர் பூமிக்குள் இறங்குவது குறையும். மணலோ தண்ணீரை வடிகட்டியும் தருகிறது. கோடையில் ஆற்றில் ஊற்றுத் தோண்டிய அம்மாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதலில் கலங்கல் வரும். அதைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் சுரக்கும். குடத்தில் அப்படியே மொண்டுகொண்டு போவார்கள்.

இன்று ஊற்றுத் தோண்டும் பெண்கள் குறைந்துவிட்டார்கள். குழாய் வந்துவிட்டது. ஆனால் குழாயில் வருவது எங்கிருந்து? திருச்சி நகரத்துக்குத் தண்ணீர் தருபவை காவிரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகள். வறண்ட பூமியான ராமநாதபுரத்துக்கும் திருச்சிப் பக்கத்து ஆற்றுப் படுகையிலிருந்துதான் குழாய் போகிறது. எங்கோ கொள்ளிடத்தில் அள்ளுகிற மணல், எங்கோ ராமநாதபுரத்தில் ஒரு வீட்டுக் குடத்தைத் தொடுகிறது.

ஆறு பள்ளமானால்?

மணலுக்குள் தண்ணீர் வேகமாக ஓடாது. ஒரு நாளைக்குச் சில அடி நகர்ந்தால் அதிகம். ஆமை நடை! ஆனால் அது எப்போதும் பள்ளத்தை நோக்கியே நகரும்.

வெள்ளக் காலத்தில் ஆற்றின் மட்டம் உயரம். தண்ணீர் ஆற்றிலிருந்து கரைக்குள் புகுந்து கிணறுகளுக்குப் போகும். கோடையில் ஆற்றின் மட்டம் தாழ்வு. கரைக்குள் இருந்த தண்ணீர் ஆற்றுக்குத் திரும்பும். கொடுக்கல் வாங்கல் இப்படிக் காலம் காலமாக நடக்கிறது.

ஆற்றின் தரையைப் பத்தடி தாழ்த்திவிட்டால்? கரைத் தண்ணீர் அந்தப் பத்தடிப் பள்ளத்தை நோக்கி வடியும். வயலுக்குப் பக்கத்தில் வடிகால் வெட்டினது மாதிரிதான். கிணற்றில் மட்டம் இறங்கும். விவசாயி கிணற்றை ஆழப்படுத்துவார். பிறகு ஆழ்குழாய் போடுவார். பிறகு பெரிய மோட்டார் வாங்குவார். நகையை அடகு வைத்து வாங்குவார். மணலை எடுத்தவர் யாரோ. வட்டி கட்டுகிறவர் இவர்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. வாய்க்காலின் தலைமதகு, பழைய ஆற்று மட்டத்துக்குத் தக்கபடி கட்டியது. ஆறு தாழ்ந்தால் மதகு மேலே நின்றுவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடுவதைக் கரையில் நின்று பார்க்கலாம். வாய்க்காலில் ஏறாது.

பாலத் தூணுக்கும் அதே கதி. தூணின் அடித்தளத்தைச் சுற்றி இருக்கும் மணல்தான் அதற்குப் பிடிமானம். வெள்ளம் வரும்போது ஆற்றின் மணல் தானாகவே அரித்து நகரும். வெள்ளம் வடியும்போது மீண்டும் வந்து படியும். முன்பே மணல் குறைந்திருந்தால் அரிப்பு அடித்தளம் வரை போகும். 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொள்ளிடத்தில் பெருவெள்ளம். திருச்சியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் 22-ந் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 182 ஆண்டுகள் நின்ற அணை!

மணல் கொள்ளைதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். வயதும் வெள்ளமும்தான் காரணம் என்று சர்க்கார் தரப்பில் சொன்னார்கள். பழைய கட்டடம் ஒன்று விழுந்தால் அதற்கு ஒரே காரணம் இருக்க வேண்டும் என்பது இல்லை. ஆகவே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அணைக்குக் கீழே ஆற்றின் தரை ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு இறங்கியது என்ற கணக்கு, கரையில் வாழும் மக்களுக்குத் தெரியும்படி எங்காவது எழுதி வைத்திருந்ததா?

கடைமடையில் உப்பு

டெல்டாவின் கடைசிக்குப் போவோம். அங்கே பூமிக்கு அடியில் இரண்டு தண்ணீர். மேலே நல்ல தண்ணீர். கீழே உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் கனம். ஆகவே நல்ல தண்ணீர் அதன் மேல் மிதக்கிறது.

இதில் ஒரு விந்தையான கணக்கு உண்டு. நிலத்தடி நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால்? கீழே 40 அடி உப்பு ஏறும்! உடனே ஏறாது. மெல்ல மெல்ல ஏறும். ஒரு நாள் காலையில் வீட்டுக் கைபம்பில் பிடித்த தண்ணீரில் பருப்பு வேகாது. அப்போதுதான் தெரியும்.

ஆறு கொண்டுவரும் நல்ல தண்ணீர்தான் உப்பைப் பிடித்துத் தள்ளி நிற்கச் செய்கிறது. ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் தரை பள்ளமானால், கடல் தண்ணீர் ஆற்று வழியாகவே உள்ளே ஏறி வரும். கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும் கிராமத்துக்காரர்களிடம் இதைப் புத்தகம் பார்த்து விளக்க வேண்டியது இல்லை.

கடற்கரையும் மணலை நம்பித்தான் இருக்கிறது. அலை தினமும் கரையை அரிக்கிறது. ஆறு கொண்டுவரும் மணலும் வண்டலும் அதை ஈடு செய்கின்றன. 1934-ம் ஆண்டு மேட்டூர் அணை முடிந்தது. அதற்கும் மேலே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர். பவானியில் 1955-ம் ஆண்டு பவானிசாகர். இவற்றால் நமக்கு வந்த நன்மை கொஞ்சமா? அணை வேண்டாம் என்று சொல்கிறவன் நான் அல்ல. ஆனால் தண்ணீரைத் திறந்துவிடும் அணை, மணலைத் திறந்துவிடுவது இல்லை. அது நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. மேலே இருந்து வரவு குறைந்த காலத்தில்தான் கீழே நாம் செலவைக் கூட்டியிருக்கிறோம்!

தரங்கம்பாடிக்குப் போனால் மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்கள். 1306-ம் ஆண்டு பாண்டிய மன்னன் கட்டியது. அதன் கிழக்குப் பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கடல் அரிப்பு அணைகளுக்கு முன்பே இருந்ததுதான். அந்தப் பழைய எதிரிக்கு நாமே கதவைத் திறந்துவிடலாமா என்பதே கேள்வி.

வீடு கட்ட வேண்டாமா?

டீக்கடை இளைஞரின் கேள்வியில் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது. வீடு கட்ட மணல் வேண்டாமா?

வேண்டும். ஓலைக் குடிசையில் மழைக்கு ஒதுங்கியவர்களுக்கு மெத்தை வீடு என்பது எத்தனை பெரிய கனவு என்று எனக்குத் தெரியும். மணலே எடுக்கக் கூடாது என்று மாடி வீட்டில் உட்கார்ந்து எழுதுவது பாவம். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் அள்ளினார்கள். அள்ளிய குழியை அடுத்த வெள்ளம் நிரப்பியது. ஆறு பொறுத்துக்கொண்டது. இரவும் பகலும் இயந்திரம் அள்ளினால், எந்த வெள்ளம் நிரப்பும்?

உலகம் முழுவதிலும் இதே கதைதான். ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் மனிதர்கள் எடுக்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2022-ல் சொன்னது. பக்கத்துக் கேரளம் ஆற்றங்கரைகளையும் மணலையும் காக்க 2001-லேயே தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு தனியார் குத்தகையை நிறுத்தி, குவாரிகளை சர்க்காரே எடுத்துக்கொண்டது. சின்னக் குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டும் வந்துவிட்டது. அதில் கலப்படம் இல்லாமல் பார்ப்பது சர்க்காரின் வேலை. அதற்காக மலைகளை உடைக்கிறார்கள் என்பதும் உண்மை. இனாமாக எதுவும் கிடைப்பது இல்லை.

ஆக, சட்டம் இருக்கிறது. உத்தரவு இருக்கிறது. இல்லாதது ஊர்க் கண். ஆற்றில் எவ்வளவு மணல் இருந்தது, எவ்வளவு போயிற்று, வெள்ளம் எவ்வளவு கொண்டுவந்தது என்பதை அதிகாரிகளின் காகிதத்தில் தேட வேண்டியிருக்கிறது. வரவு தெரியாமல் செலவு செய்யும் குடும்பம் என்ன ஆகும் என்று எந்த இல்லத்தரசியைக் கேட்டாலும் சொல்லுவார்.

என் யோசனை சின்னது. ஒவ்வொரு பாலத்தின் தூணிலும் அடிக்கணக்கில் கோடு போடுங்கள். கீழிருந்து மேலாக, பெரிய எண்களில், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் தெரியும்படி. வெள்ளத்தின் உயரத்தை அளக்கக் கோடு போடுகிறார்களே, அது மாதிரி மணலின் உயரத்துக்கும் ஒரு கோடு. மே மாதம் 1-ந் தேதி ஊர்தோறும் கிராமசபை கூடுகிறது. பெரும்பாலும் ஆறு வறண்டு கிடக்கும் சமயம். அன்று காலையில் ஊர்ப் பெரியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாலத்தடிக்குப் போய், மணல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கட்டும். சென்ற ஆண்டின் கோட்டுக்குக் கீழே போயிருந்தால், அந்த ஆண்டு அங்கே குவாரி கிடையாது என்று கிராமசபையில் தீர்மானம் போடட்டும். சர்க்கார் அதை மதிக்க வேண்டும்.

பெயிண்டு ஒரு டப்பா போதும். கோடையில் ஏணிகூட வேண்டாம். மணலில் நின்றபடியே முதல் கோட்டைப் போட்டுவிடலாம்.